ஒரு பாட்டும் ஒன்பது வோல்ட் பேட்டரியும்

- மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்பியல் பிரிவு



மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். "விக்ரம் பாட்டைப் பத்தி எழுதுறேன்" என்றேன். "டெக்னிக்கல் கட்டுரை கேட்டா சினிமாப் பாட்டா?" என்று மலர்க்குழு நண்பன் முறைத்தான். "டெக்னிக்கல்தான்டா, கடைசி வரைக்கும் படிச்சுப் பாரு" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு இப்போது என் தலையில்!

சண்டை ஆரம்பித்தது பஸ்ஸில். தினமும் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வருகிற நம் கூட்டத்துக்குத் தெரியும், டிரைவர் அண்ணன் போடுகிற பாட்டுதான் நமக்கு முதல் பீரியட். ஒருநாள் "விக்ரம்" என்று கூட்டமாகப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பாட்டு ஓடியது. முதலாமாண்டுத் தம்பி ஒருவன், "இது 2022 படத்துப் பாட்டுண்ணே" என்றான். பின் ஸீட்டில் இருந்த ஒரு பெரியவர் விடவில்லை. "தம்பி, நான் கல்யாணம் முடிச்ச வருஷம் வந்த பாட்டுப்பா இது" என்றார். இருவர் சொன்னதும் சரிதான். எப்படி என்று பார்ப்போம்.

பாட்டின் ஜாதகம்

1986-ஆம் ஆண்டு மே மாதம் வெளியான படம் "விக்ரம்". இயக்கம் ராஜசேகர். கதை எழுதியவர் சுஜாதா. நம் துறைக்காரர், பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தவர். ஏவுகணையும் கம்ப்யூட்டரும் கலந்த உளவுக் கதை. படத்தின் டைட்டில் பாட்டைப் பாடியவர் கதாநாயகன் கமல்ஹாசனேதான். இசை, பண்ணைப்புரத்துக்காரர் இளையராஜா.

கணினியின் துணையோடு பாட்டுப் பதிவு செய்த முதல் இந்திய இசையமைப்பாளர் என்று, இந்த "விக்ரம்" படத்தை வைத்துத்தான் இளையராஜாவைக் குறிப்பிடுகிறார்கள். அதே 1986 தீபாவளிக்கு வந்த பாலசந்தரின் "புன்னகை மன்னன்" படத்திலும் அதே புதுச் சத்தம் கேட்டது. அந்தக் காலத்தில் இளையராஜா குழுவில் கீபோர்டு வாசித்தவர்களில் ஒரு பையன் பெயர் திலீப். 1992-இல் "ரோஜா" வந்தபோது அவர் பெயர் ஏ.ஆர்.ரஹ்மான்!

2022 ஜூனில் அதே பெயரில், அதே கமல்ஹாசனை வைத்து லோகேஷ் கனகராஜ் ஒரு படம் எடுத்தார். இசை அனிருத். பழைய பாட்டின் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பகுதி புதுப் படத்திலும் எழுந்து வந்தது. லோகேஷ் பிறந்தது 1986-இல். அனிருத் பிறந்தது 1990-இல். அதாவது தான் பிறப்பதற்கு நாலு வருஷம் முன்பு வந்த சத்தத்தை எடுத்து அவர் தியேட்டரை அதிர வைத்தார். முப்பத்தாறு வருஷம் கழித்தும் துருப்பிடிக்காத எலக்ட்ரானிக் பொருள் நம் லேபில் ஏதாவது இருக்கிறதா, சொல்லுங்கள்!

"சிங்கிள்" என்றால் என்ன?

வெளிநாட்டில் ஒரு பாட்டை மட்டும் தனி இசைத்தட்டாக விற்பார்கள். அதற்கு "சிங்கிள்" என்று பெயர். எலக்ட்ரானிக் ராக் வகையில் பெரும் புகழ் பெற்றது 1983 மார்ச்சில் இங்கிலாந்தின் நியூ ஆர்டர் குழு வெளியிட்ட "புளூ மண்டே". ஏழரை நிமிஷப் பாட்டு. 12 அங்குல சிங்கிள்களிலேயே அந்த நாட்டில் மிக அதிகமாக விற்றது அதுதான். அதன் உறை ஃபிளாப்பி டிஸ்க் மாதிரி வடிவமைக்கப்பட்டிருந்தது. நம்மைப் போன்றவர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி இன்னொன்று: அந்தப் பாட்டின் ஸ்வர வரிசையை வாசித்த சீக்வென்சர் கருவியை, குழுவின் பாடகர் பெர்னார்ட் சம்னர் கிட் வாங்கித் தானே சால்டர் செய்து கட்டினார். சால்டரிங் அயர்ன் பிடித்த கை!

நம் ஊரில் சிங்கிள் வியாபாரம் அன்று பெரிதாகக் கிடையாது. ஆனால் ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. வெற்று கேசட்டும் பாட்டுப் பட்டியலும் கொடுத்தால் பதிந்து தருவார்கள். 60 நிமிஷக் கேசட்டில் பன்னிரண்டு பதிமூன்று பாட்டுதான் பிடிக்கும். ஆக, ஒரு படத்தின் ஐந்து பாட்டில் எது உள்ளே, எது வெளியே என்று கேட்பவரே முடிவு செய்ய வேண்டும். அந்தப் பட்டியல்தான் நம் ஜனங்கள் போட்ட ஓட்டு. படத்தைவிட்டுப் பிரிந்து தனியாக வாழ்கிற பாட்டு எதுவோ, அதுதான் நம் ஊர் சிங்கிள். "விக்ரம்" அப்படிப் பிழைத்த பாட்டு.

மின்சாரம் எப்படிப் பாடுகிறது?

இனி பாடம். தூங்க வேண்டாம், செமஸ்டருக்கும் உதவும்!

சின்தசைசர் என்ற பெட்டிக்குள் அடிப்படையாக மூன்று ஆட்கள் வேலை செய்கிறார்கள். முதல் ஆள் ஆஸிலேட்டர்: சத்தத்தை உண்டாக்குபவர். இரண்டாவது ஆள் ஃபில்டர்: வேண்டாத அதிர்வெண்களைச் சலித்து எடுப்பவர். மூன்றாவது ஆள் என்வலப்: சத்தம் எவ்வளவு வேகமாக எழ வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எப்படி அடங்க வேண்டும் என்று சொல்பவர். ஒரே ஆஸிலேட்டர் சத்தம் சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கினால் தட்டுவது போலிருக்கும். மெதுவாக எழுந்து மெதுவாக அடங்கினால் வயலினில் வில் இழுப்பது போலிருக்கும்.

முதல் ஆளை நாமே செய்யலாம். நம் பழைய நண்பர் 555 ஐசி, ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரி, ஒரு சின்ன ஸ்பீக்கர் போதும். அஸ்டேபிள் முறையில் சூத்திரம் ஞாபகம் இருக்கிறதல்லவா? அதிர்வெண் = 1.44 வகுத்தல் (ஆர்ஏ + 2 ஆர்பி) பெருக்கல் சி. ஆர்ஏ 1 கிலோ ஓம், சி 0.1 மைக்ரோ ஃபாரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்பி-க்கு 12 கிலோ ஓமோடு 5 கிலோ ஓம் பிரீசெட் ஒன்றைத் தொடரில் போட்டு, ஸ்க்ரூ டிரைவரால் திருப்புங்கள். ஆர்பி மொத்தம் ஏறக்குறைய 15.9 கிலோ ஓம் வருகிற இடத்தில் 440 ஹெர்ட்ஸ் கிடைக்கும். உலகம் முழுக்க வாத்தியங்களைச் சுருதி சேர்க்கும் ஸ்வரம் அது. ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு கப்பாசிட்டர் போட மறக்காதீர்கள்.

அதிர்வெண்ணை இரண்டு மடங்காக்கினால், 880 ஹெர்ட்ஸ், அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். நடுவில் உள்ள தூரத்தைப் பன்னிரண்டு சம விகிதப் படிகளாகப் பிரித்தால், ஒரு படிக்கு 1.0595 என்று பெருக்க வேண்டும். கால்குலேட்டரில் அந்த எண்ணைப் பன்னிரண்டு தடவை பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 2 வந்து நிற்கும். கீபோர்டின் கறுப்பு வெள்ளைக் கட்டைகளுக்குப் பின்னால் இருக்கிற கணக்கு இவ்வளவுதான்.

மிடி என்னும் தேர் வடம்

ஒரு பெட்டி பாடினால் போதாது. டிரம் பெட்டி, பேஸ் பெட்டி, கீபோர்டு எல்லாம் ஒரே காலத்தில் அடியெடுத்து வைக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரை இழுத்தவர்களுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். வடத்தில் ஆயிரம் கை இருக்கும். ஆளாளுக்கு இழுத்தால் தேர் அசையாது. "கோவிந்தா" என்று குரல் எழும்போது எல்லோரும் ஒரே நொடியில் இழுத்தால்தான் சக்கரம் உருளும். அந்தக் குரல்தான் கிளாக் பல்ஸ்!

மின்னணு வாத்தியங்களுக்கு அந்தக் குரல் கிடைத்தது 1983-இல். பெயர் மிடி. அதற்கு முன்பு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பாஷை பேசின. 1983 ஜனவரியில் அமெரிக்கக் கண்காட்சி ஒன்றில், சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தின் கீபோர்டும் ஜப்பானின் ரோலண்ட் கீபோர்டும் ஒரு வயரால் இணைந்து ஒன்றாக வாசித்தன. போட்டிக் கம்பெனிகள் இரண்டும் ஒரே பாஷைக்கு ஒத்துக்கொண்டதற்கு டேவ் ஸ்மித், இகுதாரோ ககேஹாஷி ஆகிய இருவரும் முக்கியக் காரணம். 2013-இல் இருவருக்கும் டெக்னிக்கல் கிராமி விருது கிடைத்தது.

மிடி வயரில் பாட்டுச் சத்தம் போவதில்லை. கட்டளைதான் போகிறது. "இந்தக் கட்டையை, இவ்வளவு வேகத்தில் அழுத்து" என்பதற்கு மூன்று பைட். உதாரணமாக 144, 69, 100. முதல் எண் "ஒன்றாம் சேனலில் வாசி" என்கிறது. 69 என்பது நம் 440 ஹெர்ட்ஸ் ஸ்வரம். 100 என்பது அழுத்தும் வேகம். ஸ்டார்ட், ஸ்டாப் பிட் சேர்த்து மொத்தம் 30 பிட். வேகம் நொடிக்கு 31,250 பிட். வகுத்துப் பாருங்கள்: 0.96 மில்லி செகண்ட்! உள்ளே வரும் பக்கத்தில் ஆப்டோ ஐசொலேட்டர் வைத்து ஒரு பெட்டியின் தரை இன்னொன்றோடு ஒட்டாமல் பிரித்திருப்பார்கள். ஹம் சத்தம் வராததற்கு அதுதான் காரணம்.

பிறகு ஏன் ஜெயித்தது?

இவ்வளவு கருவியும் அன்று காசு உள்ள எவருக்கும் கிடைத்தது. எல்லோர் பாட்டும் நின்றதா? இல்லையே. என் புத்திக்கு எட்டிய மூன்று காரணம் சொல்கிறேன்.

ஒன்று, காலம். கம்ப்யூட்டர் என்றால் ஏதோ செய்யுமாம் என்று ஜனங்கள் வாய்பிளந்து கேட்ட காலம் அது. பார்த்தவர்கள் குறைவு. படத்தில் கம்ப்யூட்டரைக் காட்டினார்கள். பாட்டு அதையே காதுக்குக் காட்டியது. கதையும் சத்தமும் ஒன்றையொன்று தாங்கின.

இரண்டு, பெயர். ஒரு பெயரைக் கூட்டமாகக் கூப்பிடுவதற்கு சங்கீத ஞானம் வேண்டாம். சுருதி பிசகினாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள். தேர்வடக் குரல் மாதிரி, கேட்டவரும் சேர்ந்து கத்தலாம்.

மூன்று, இதுதான் முக்கியம். இயந்திரத்தின் நடுவில் ஒரு மனிதக் குரலை நிறுத்தினார்கள். தாளம் அசையாமல் நிற்கிறது. அதன் மேல் ஒரு ஆள் மூச்சு விடுகிறார், அழுத்துகிறார், தளர்த்துகிறார். அசையாததும் அசைவதும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால்தான் இரண்டும் தெரியும்.

"புளூ மண்டே"யிலும் இப்படி ஒரு சங்கதி உண்டு. குழுவின் கீபோர்டு கலைஞர் ஜில்லியன் கில்பர்ட் சீக்வென்சரில் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக ஏற்றும்போது ஒரு ஸ்வரம் விட்டுப்போயிற்று. மெட்டு தாளத்திலிருந்து கொஞ்சம் நழுவியது. திருத்தவில்லை, அப்படியே விட்டார்கள். உலகம் அந்த நழுவலோடுதான் ஆடியது!

பெரியப்பாவின் கதை

இங்கே என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். என் பெரியப்பா 1986-இல் இருபது வயது வாலிபர். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு இன்னிசைக் குழுவில் காங்கோ, பாங்கோ வாசித்தார். பதினான்கு பேர் கொண்ட குழு. சுத்துப்பட்டு ஊர்களில் மாரியம்மன் கோயில் பொங்கல் என்றால் மேடையில் அவர்கள்தான்.

"விக்ரம் வந்ததும் ஜனங்க சீட்டு எழுதிக் குடுக்க ஆரம்பிச்சிட்டாக. எங்ககிட்ட அந்த மெஷின் ஏது? நாங்க ஆறு பேர் சேர்ந்து கையாலயே அந்தச் சத்தத்தைக் கொண்டு வந்தோம்டா தம்பி" என்பார். சொல்லும்போதே விரல்கள் முழங்காலில் ஓடும்.

பத்து வருஷத்தில் கீபோர்டும் ரிதம் பேடும் மேடைக்கு வந்தன. ஆறு பேர் அடித்ததை ஒருவர் அடித்தார். பதினான்கு பேர் குழு ஐந்து பேரானது. பெரியப்பா அந்த ஐந்தில் இல்லை. ராஜபாளையம் பக்கம் ஒரு மில்லில் கோன் வைண்டிங்கில் சேர்ந்தார். அறுந்த நூலைக் கையில் முடிச்சுப் போடும் வேலை. தாளக்காரர் விரல் அல்லவா, சீக்கிரம் பழகிவிட்டது. சில வருஷத்தில் ஆட்டோ கோனர் வந்தது. அறுந்த நூலை அதுவே கண்டுபிடித்து, காற்றழுத்தத்தால் முடிச்சே இல்லாமல் சேர்த்துவிடும். வரிசையாக நின்ற ஆட்கள் குறைந்தார்கள். அதிலும் பெரியப்பா இல்லை. இப்போது வீட்டு வாசலில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறார்.

ஒரே மனிதரை இயந்திரம் இரண்டு தடவை வெளியே அனுப்பியிருக்கிறது. அந்த இயந்திரத்தை மாட்டி ஓட்டிக் காட்டிவிட்டுப் போனவர் யார்? ஒரு டிப்ளமா படித்தவர்தான். நாளை அந்த இடத்தில் நிற்கப் போவது நாம். இதை யோசித்தால் இராத்திரி கொஞ்ச நேரம் தூக்கம் வராது.

கண்காட்சியில் நடந்தது

போன பருவப் புராஜெக்ட் கண்காட்சிக்கு எங்கள் குழு ஒரு மிடி டிரம் பெட்டி செய்தது. ரப்பர் பாய்க்கு அடியில் நாலு பைசோ தகடு. ஒவ்வொன்றுக்கும் குறுக்கே ஒரு மெகா ஓம் ரெசிஸ்டரும் 5.1 வோல்ட் ஸீனரும். அர்டுயினோ போர்டு அடியைப் படித்து 31,250 வேகத்தில் மிடி அனுப்பும். கம்ப்யூட்டர் அதைப் பதிந்து திரையில் கோடு கோடாகக் காட்டும்.

பெரியப்பாவை அழைத்து வந்தேன். "பெரியப்பா, நீங்க வாசிங்க, இது கேட்டுக்கிடும்" என்றேன். வேட்டியை மடித்து உட்கார்ந்தார். பாயைத் தடவிப் பார்த்தார். "தோல் இல்லையேடா" என்றார். பிறகு வாசித்தார். பக்கத்து ஸ்டாலில் இருந்தவர்கள் கூட வந்து நின்றுவிட்டார்கள்.

முடிந்ததும் திரையைப் பார்த்தேன். முக்கிய அடிகள் கோட்டின் மேல் உட்கார்ந்திருந்தன. ஆனால் இடையில் வரும் அடிகள் கோட்டைத் தாண்டிச் சற்றுப் பின்னால், சுமார் 15 மில்லி செகண்ட் தள்ளி நின்றன. "வயசாயிட்டுதுல்ல" என்று நண்பன் மெதுவாகச் சொன்னான். நானும் குவான்டைஸ் பட்டனை அழுத்தினேன். எல்லா அடியும் கோட்டில் போய் ஒழுங்காக நின்றன. போட்டுக் காட்டினேன்.

பெரியப்பா ஒரு நிமிஷம் கேட்டார். "இது நான் வாசிச்சது இல்லையேடா" என்றார்.

"பின்னாடி விழுந்ததை எல்லாம் சரி பண்ணிட்டேன் பெரியப்பா."

"பின்னாடி விழலைடா. அங்கதான் வச்சேன்."

மறுபடி பழைய பதிவைத் திறந்து, ஸ்கேல் வைத்து ஒவ்வொரு அடியாகப் பார்த்தோம். நம் பெட்டியின் தாமதம் என்றால் எல்லா அடியும் ஒரே அளவு தள்ளியிருக்க வேண்டும். முக்கிய அடிகள் தள்ளவில்லையே! கை நடுக்கம் என்றால் ஒரு தடவை முன்னே, ஒரு தடவை பின்னே என்று சிதறியிருக்க வேண்டும். சிதறவில்லை. பதினாறு ஆவர்த்தனத்திலும் அதே அடி, ஏறக்குறைய அதே தூரத்தில். பிழை இப்படி ஒழுங்காக வராது. அது ஒரு முடிவு. நாற்பது வருஷத்துக்கு முன் கற்ற கை இன்னும் அந்த முடிவை மறக்கவில்லை.

நாங்கள் சரி செய்ததாக நினைத்து அழித்தது அதைத்தான்.

அன்று மாலை குவான்டைஸை எடுத்துவிட்டு அப்படியே காட்சிக்கு வைத்தோம். எங்கள் விளக்க அட்டையில் "துல்லியம்" என்று எழுதியிருந்த வரிக்குக் கீழே, "வாசிப்பவரின் கால இடத்தை மாற்றாமல் பதிவு செய்யும்" என்று பேனாவால் சேர்த்தேன்.

நமக்கு என்ன பாடம்?

நண்பர்களே, இயந்திரம் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. சொன்னால் நம் பிரிவு ஆசிரியர்களே என்னை மன்னிக்க மாட்டார்கள்! "விக்ரம்" பாட்டு இயந்திரம் இல்லாமல் பிறந்திருக்காது. ஆட்டோ கோனரையும் திருப்பி அனுப்ப முடியாது.

ஆனால் ஒரு கருவியை மாட்டும் முன், அந்த இடத்தில் இதுவரை வேலை செய்த கையை ஒரு நாள் பக்கத்தில் நின்று பாருங்கள். கேளுங்கள். அந்தக் கை செய்வதில் எது வெறும் உழைப்பு, எது முடிவு என்று பிரித்து எழுதுங்கள். உழைப்பை இயந்திரத்துக்குக் கொடுங்கள். முடிவை அளந்து வையுங்கள். முடிந்தால் அதை எடுத்தவரிடமே விட்டு வையுங்கள். 1986-இல் அந்தப் பாட்டைச் செய்தவர்கள் இந்தப் பிரிவினையைச் சரியாகச் செய்தார்கள். தாளத்தைக் கருவியிடம் கொடுத்தார்கள், பாடுவதை மனிதரிடம் விட்டார்கள். அதனால்தான் பாட்டு 2022-இலும் எழுந்து நின்றது என்பது என் கட்சி.

பஸ்ஸில் அந்தப் பாட்டு மறுபடி வந்தால் கவனித்துக் கேளுங்கள். எது கருவி, எது ஆள் என்று காதாலேயே பிரித்துப் பாருங்கள். 555-ஐயும் செய்து பாருங்கள். மொத்தச் செலவு ஒரு சினிமா டிக்கெட்டைத் தாண்டாது. சந்தேகம் வந்தால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எலக்ட்ரானிக்ஸ் லேப் வாசலில் என்னைப் பிடிக்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா கொண்டு வந்தால் விளக்கம் இன்னும் விரிவாக இருக்கும்!